ஓப்பனர் யாரு, பையா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீசில் ஆணி பிடுங்கவே நேரம் சரியாக இருக்கிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நொய்டாவில் காலை பத்து மணி வரை எதிர் பிளாக் தெரியாத அளவுக்குப் பனி. தங்கமணி ரெண்டாவது டீயை வைத்துவிட்டு, "இன்னிக்கு மேட்ச் இல்லியா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்தப் பதிவு. கிரிக்கெட் பிடிக்காதவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம். ஆனால் நடுவில் கொஞ்சம் சொந்தக் கதையும் வரும், அதனால் இருந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை :-)

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஃபோன். எங்கள் ஆபீஸ் டீம் கேப்டன். முசாஃபர்பூர்க்காரன், என்னை விட இருபது வயது சின்னவன். என்னை "பையா" என்று கூப்பிடுவான். இந்தியில் அண்ணா என்று அர்த்தம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது இதைக் கேட்டுவிட்டு, "ஏண்டா, தலை நரைச்சவனைப் போய் பையாங்கறானே, மட்டு மரியாதை தெரியாதா?" என்று கோபித்துக்கொண்டார். விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"பையா, ஓப்பனர் யாருன்னு முடிவு பண்ண முடியலை" என்றான். விஷயம் இதுதான். எப்போதும் ஓப்பன் பண்ணும் ஆள் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் ரெண்டு மேட்ச் வரவில்லை. அவன் இடத்தில் இறங்கிய புதுப் பையன் இரண்டாவது மேட்ச்சில் 74 அடித்துவிட்டான். இப்போது பழைய ஆள் திரும்பி வந்தாச்சு. யாரை உட்கார வைப்பது? கடைசியில் ஒன்று கேட்டான். "2023-ல நீங்க எப்படிப் பண்ணினீங்க?"

"நாளைக்குப் பேசறேன்டா" என்று வைத்துவிட்டேன். அப்போது நான் பண்ணியது தப்பு. அவனுக்கு அது தெரியாது.

*

தப்புக்கு வருவதற்கு முன் கொஞ்சம் சரித்திரம். ஒருநாள் கிரிக்கெட்டில் ஓப்பனர் என்கிற வேலையே அடிக்கடி மாறிக்கொண்டு வந்த வேலை. அதனால்தான் அந்த இடத்துக்கு ஆள் எடுப்பது இத்தனை கஷ்டம்.

1975-ல் முதல் உலகக் கோப்பை, முதல் நாள், லார்ட்ஸ். இங்கிலாந்து 60 ஓவரில் 334. நம்ம கவாஸ்கர் கடைசி வரை நின்று 174 பந்தில் 36 நாட் அவுட். இந்தியா 3 விக்கெட்டுக்கு 132. இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் அன்றைக்கு ஓப்பனர் என்றால் டெஸ்ட் ஓப்பனர்தான். பந்தின் பளபளப்பு போகும் வரை நில், விக்கெட்டைக் கொடுக்காதே, அடிப்பதைப் பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒருநாள் ஆட்டத்துக்கென்று தனியாக ஓப்பனர் வேண்டும் என்று அப்போது பெரும்பாலும் யாரும் யோசிக்கவில்லை.

நம்ம ஊரிலிருந்து போன ஒருத்தர் வேறு மாதிரி யோசித்தார். சீக்கா என்கிற ஸ்ரீகாந்த். 1983 ஃபைனலில் இந்தியா மொத்தமே 183. அதில் அதிகபட்சம் அவர் அடித்த 38. எதிரே ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங். ஆண்டி ராபர்ட்ஸை ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி அடித்த பவுண்டரியை எங்கள் நாகப்பட்டினம் தெருவில் ஒவ்வொருத்தனும் டென்னிஸ் பந்தில் அடித்துப் பார்த்து, முட்டியைப் பேர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அடியும் வாங்கியிருக்கிறான்.

எனக்குப் பிடித்த ஓப்பனிங் பாடம் 1987 உலகக் கோப்பையில் இருக்கிறது. நாக்பூர், நியூசிலாந்துடன் மேட்ச். ரன் ரேட்டில் முந்தினால்தான் குரூப்பில் முதலிடம். 222 வேண்டும், அதுவும் வேகமாக வேண்டும். ஸ்ரீகாந்த் 75. மறுமுனையில் கவாஸ்கர் 88 பந்தில் 103 நாட் அவுட். 32.1 ஓவரில் கதை முடிந்தது. அதே கவாஸ்கர்தான்! ஒருநாள் ஆட்டத்தில் அவருடைய ஒரே செஞ்சுரி அது. எதிர் முனையில் நிற்கிறவன் யார் என்பதைப் பொறுத்து ஒரு மனுஷன் எவ்வளவு மாறுவான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஓப்பனரைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது, ஜோடியாகத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

அப்புறம் விபத்துகள். 1992 உலகக் கோப்பையில் நியூசிலாந்தின் ஜான் ரைட்டுக்கு அடிபட்டதால் உள்ளே வந்தவர் மார்க் கிரேட்பேட்ச். முதல் 15 ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே ரெண்டே பேர்தான் நிற்கலாம் என்றால் தலைக்கு மேல் தூக்கி அடித்தால் என்ன என்று ஆரம்பித்தார். 1994 மார்ச் 27, ஆக்லாந்து. சித்துவுக்குக் கழுத்துப் பிடிப்பு. ஒரே ஒரு சான்ஸ் கொடுங்கள், சரிப்படாவிட்டால் திரும்பக் கேட்க மாட்டேன் என்று கெஞ்சி இறங்கியதாக சச்சினே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 49 பந்தில் 82. அதற்கு முன் 69 ஒருநாள் மேட்ச் ஆடி ஒரு செஞ்சுரி கூடக் கிடையாது. கடைசியில் அடித்த 49 செஞ்சுரியில் 45 ஓப்பனராக இறங்கி அடித்தவை. யோசித்துப் பாருங்கள், சித்து அன்று ராத்திரி தலையணையைச் சரியாக வைத்துப் படுத்திருந்தால்?

2001-ல் அதே சச்சினுக்குக் கால் விரலில் அடி. இலங்கையில் அவர் இடத்தில் ஓப்பன் பண்ணப் போனவர் நஜஃப்கட் சேவாக். 69 பந்தில் செஞ்சுரி.

ஆக, பெரிய ஓப்பனர்களில் பாதிப் பேரை செலக்டர்கள் கண்டுபிடிக்கவில்லை. யாரோ ஒருத்தருக்குக் கழுத்து பிடித்தது, யாரோ ஒருத்தருக்கு விரல் உடைந்தது. அடிபட்டவர் குணமாகித் திரும்பி வரும்போது, இருக்கிறவரை வைப்பதா, வந்தவரை எடுப்பதா என்று முடிவு பண்ண வேண்டியிருக்கிறதே, செலக்டரின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

*

இப்போது சொந்தக் கதை.

நான் தில்லிப் பக்கம் வந்தது 2004 டிசம்பரில். அப்போது எனக்குத் தெரிந்த இந்தி "கித்னா", "நஹி மாலும்" ரெண்டும்தான். கேன்டீனில் எதைக் காட்டினாலும் ராஜ்மாவைப் போட்டார்கள். டீமில் எல்லாரும் ஜோக் சொல்லிச் சிரிக்கும்போது அரை நொடி கழித்து நானும் சிரிப்பேன். ராத்திரி ரூமுக்குப் போனால் அன்றைக்கு முழுக்க ஒரு வாக்கியம்கூட உருப்படியாகப் பேசவில்லை என்பது ஞாபகம் வரும். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது புரியும்.

ஒரு நாள் நோட்டீஸ் போர்டில் ஆபீஸ் கிரிக்கெட் டீமுக்கு ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தது. 25 ஓவர் மேட்ச், லெதர் பந்து. போனேன். கேப்டன் ஒரு பஞ்சாபி, லாஜ்பத் நகர்க்காரர், என்னை விட ரெண்டு வயது பெரியவர். எல்லாரும் அவரை பாஜி என்பார்கள். "மெட்ராஸா? அப்போ ஸ்ரீகாந்த் மாதிரி அடிப்பியா?" என்றார். எனக்குப் புரிந்தது ஸ்ரீகாந்த் என்கிற ஒரு வார்த்தைதான். பலமாகத் தலையை ஆட்டினேன். அவரே ஓப்பனிங்கில் என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். அன்றிலிருந்து நான் சீக்கா.

உண்மையில் நான் ஸ்ரீகாந்த் இல்லை. 1975 கவாஸ்கர். அவர்தான் அடிப்பார். இடது கை வேறு. நான் வலது கை. ஒவ்வொரு ஸிங்கிளுக்கும் ஃபீல்டிங் மாற வேண்டும், பவுலர் லைனை மாற்ற வேண்டும். ரெண்டு ஓவரில் எதிரணிக் கேப்டனுக்குத் தலை சுற்றும். சச்சினும் கங்குலியும் ஓப்பனிங்கில் சேர்ந்து 6609 ரன் எடுத்ததில் இந்த வலது-இடது சமாச்சாரத்துக்கும் பங்கு உண்டு. அதைவிட முக்கியம், ஒருத்தர் அவுட் ஆஃப் ஃபார்மில் இருக்கும் நாளில் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்கிற நம்பிக்கை. அது ஸ்கோர் கார்டில் வராது.

எங்களுக்குள் மொழி மூன்றே வார்த்தை. யெஸ், நோ, வெயிட். முதல் வருஷம் முழுக்க நான் பிழையில்லாமல் பேசிய பேச்சு அவ்வளவுதான். பிட்ச்சின் நடுவில் நின்று கையுறையைத் தட்டிக்கொள்வோம், அவர் இந்தியில் ஏதோ சொல்வார், நான் தமிழில் ஏதோ சொல்வேன், ரெண்டு பேரும் தலையாட்டிவிட்டுத் திரும்புவோம். மேட்ச் முடிந்தால் அவர் வீட்டு முள்ளங்கி பராத்தா. இந்தி எனக்கு அந்த டிபன் டப்பா வழியாகத்தான் வந்தது. பதினைந்து குளிர்காலம் சேர்ந்து ஓப்பன் பண்ணினோம். அத்தனை வருஷத்தில் ஒருத்தரை ஒருத்தர் ஒரு தடவை கூட ரன் அவுட் ஆக்கியதில்லை. ரெண்டு பேருக்குமே அதில் பெருமை.

ஒரு தடவை கோட்லா மைதானத்தைத் தாண்டி காரில் போகும்போது பாஜி ஒரு கதை சொன்னார். 1996 உலகக் கோப்பை, இலங்கையுடன் மேட்ச். காலேஜ் பையனாக கேலரியில் இருந்திருக்கிறார். இந்தியா 271, சச்சின் 137. அப்புறம் ஜெயசூர்யாவும் கலுவிதாரணாவும் இறங்கி மூன்று ஓவரில் 42. அடி வாங்கியவர் மனோஜ் பிரபாகர், தில்லிக்காரர். அன்றைக்கு பேட்டிங்கில் சச்சினோடு ஓப்பன் பண்ணியவரும் அவர்தான். ரெண்டு ஓவரில் 33 போன பிறகு பின்னால் வந்து ஆஃப் ஸ்பின் போட்டுப் பார்த்தார். மொத்தம் 4 ஓவரில் 47. சொந்த ஊர்க்கூட்டமே கூச்சல் போட்டது. "நானும் சேர்ந்து கத்தினேன் சீக்கா. அதுதான் அவரோட கடைசி ஒன்டேன்னு அப்போ தெரியாது" என்றார். அதற்கப்புறம் ஐ.டி.ஓ. சிக்னல் வரை பேசவில்லை.

*

கதை 2022-க்கு வருகிறது. பாஜிக்கு 46 வயது, முட்டி தேய்மானம். எனக்கு 44, கண்ணாடி போட்டாச்சு. அந்த வருஷம் கேப்டன் பொறுப்பும் டீம் எடுக்கும் பொறுப்பும் என் தலையில். கோவிட்டுக்கு அப்புறம் டீமில் புதிதாக நாலைந்து பேர். அதில் ஒருத்தன்தான் முசாஃபர்பூர்க்காரன். யாரோடும் அதிகம் பேச மாட்டான். ஜோக்குக்கு அரை நொடி கழித்துச் சிரிப்பான். நெட்ஸில் அடித்தால் பந்து பக்கத்து கிரவுண்டில் போய் விழும்.

அதே சமயம் நிஜ கிரிக்கெட்டிலும் ஓப்பனர் பஞ்சாயத்து. 2022 டிசம்பர் 10, சட்டோகிராம். ரோஹித்துக்குக் கையில் அடி, அவர் இடத்தில் இறங்கிய இஷான் கிஷன் 131 பந்தில் 210. மறுமுனையில் தவான் 3 ரன்னில் அவுட். அடுத்த ஒருநாள் மேட்ச் 2023 ஜனவரி 10, குவாஹாத்தி. ரோஹித் திரும்பி வந்தார். தவான் டீமிலேயே இல்லை. இஷான் கிஷன் பெஞ்சில்! ஓப்பனர் ஷுப்மன் கில்.

எங்கள் பீகார் தம்பிக்குக் கோபம் தாங்கவில்லை. இஷான் பாட்னாவில் பிறந்தவர், விடுவானா? "டபுள் செஞ்சுரி அடிச்சவனை எந்த ஊர்ல உட்கார வைப்பாங்க?" என்று கேன்டீனில் கத்தினான். அவன் அவ்வளவு பேசி அன்றைக்குத்தான் கேட்டோம். எனக்கும் என் பங்குக்கு ஆதங்கம் இருந்தது. அதற்கு ஒன்றரை மாதம் முன்புதான் விஜய் ஹசாரே டிராபியில் நம்ம ஜெகதீசன் ஓப்பனராக 277 அடித்திருந்தார். தொடர்ந்து ஐந்து மேட்ச்சில் ஐந்து செஞ்சுரி. சாய் சுதர்சனோடு முதல் விக்கெட்டுக்கு 416 ரன். தமிழ்நாடு 506. எதிரணி அருணாச்சலப் பிரதேசம் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜனவரி ஒருநாள் டீமில் அவர் பெயர் இல்லை. 2013 சாம்பியன்ஸ் டிராபியிலும் இப்படித்தான். முரளி விஜய் ஓப்பனராக டீமில் போனார், ஆனால் தோனி மிடில் ஆர்டரில் தடுமாறிக்கொண்டிருந்த ரோஹித்தைத் தவானோடு இறக்கினார். விஜய் ஒரு மேட்ச் கூட ஆடவில்லை. தமிழனாக வயிறு எரிந்தது நிஜம்.

ஆனால் வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ரோஹித்-தவான் ஜோடி முதல் மேட்ச்சிலேயே கார்டிஃபில் 127 சேர்த்து, அப்புறம் 5000 ரன்னுக்கு மேல் எடுத்தது. அதற்குக் காரணம் உண்டு. 2011 அக்டோபரிலிருந்து ரெண்டு முனைக்கும் தனித்தனிப் புதுப் பந்து. ஆரம்பத்தில் ஸ்விங் ஆகும், தாக்குப்பிடித்துவிட்டால் அப்புறம் பந்து பெரிதாகப் பழசாகாது, ரிவர்ஸ் ஸ்விங் குறையும். செட் ஆன ஓப்பனர் 50-வது ஓவர் வரை நின்று சாப்பிடலாம். ரோஹித்தின் மூன்று டபுள் செஞ்சுரியும் இந்தக் காலத்தில் வந்தவை. நிதானமாக ஆரம்பித்துக் கடைசியில் வெடிக்கும் ஆள் ஏன் ஓப்பனராக வேண்டும் என்பதற்கு தோனியின் கணக்கு இப்படி இருந்திருக்கலாம். (2025 ஜூலையிலிருந்து விதி மறுபடி மாறிவிட்டது. 35-வது ஓவரிலிருந்து ஒரே பந்துதான். ஓப்பனர் வேலை இன்னொரு தடவை மாறும்.)

கில் விஷயமும் அப்படித்தான். 210 ஒரு நாள் கதை. செலக்டர் பார்க்க வேண்டியது அடுத்த இருபது மேட்ச்சை. கில் 2022-ல் வெஸ்ட் இண்டீசில் 98 நாட் அவுட், ஜிம்பாப்வேயில் 130 என்று வரிசையாக எடுத்து வந்தவர். குவாஹாத்தியில் 70, திருவனந்தபுரத்தில் 116, ஜனவரி 18-ல் ஹைதராபாத்தில் 208. அந்த ஒரே வருஷத்தில் 1500 ரன்னுக்கு மேல். எடுத்த முடிவு சரி என்று ஆனது. தவிர, ரோஹித் அந்த முடிவை மேட்ச்சுக்கு முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இஷானை ஆட வைக்க முடியாது, கில்லுக்கு உரிய வாய்ப்பைக் கொடுத்தாக வேண்டும் என்று. இந்த விஷயத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

*

பிப்ரவரியில் எங்கள் டோர்னமென்ட். பீகார் தம்பியை ஓப்பனிங்கில் இறக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேள்வி, எங்கள் ரெண்டு பேரில் யார் போவது?

ஸ்கோர் புக்கை எடுத்து வைத்துக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தேன். கடைசி எட்டு இன்னிங்ஸில் பாஜி என்னை விட அதிகம் அடித்திருந்தார். பந்துக்கு ஒரு ரன்னுக்கு மேல். நான் அதில் பாதி வேகம். ஆனால் அவரால் ரெண்டாவது ரன் ஓட முடியாது. ஃபீல்டிங்கில் குனிய முடியாது. 2012-ல் ஆஸ்திரேலியாவில் தோனி ஃபீல்டிங்கைக் காரணம் காட்டி சச்சின், சேவாக், கம்பீர் மூன்று பேரையும் மாற்றி மாற்றி உட்கார வைக்கவில்லையா என்று எனக்கு நானே ஆதாரம் தேடிக்கொண்டேன். "புதுப் பையனுக்குப் பக்கத்தில் நிதானமான ஆள் வேண்டும்", "வலது-இடது காம்பினேஷன்" (தம்பியும் இடது கை) என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. மாட்டை வாங்க வந்தவனே தரகனாகவும் இருந்தால் பல்லைப் பிடித்துப் பார்ப்பானா? நான் எனக்கு வேண்டிய தீர்ப்பை எழுதினேன்.

ராத்திரி பன்னிரண்டே காலுக்கு வாட்ஸப் குரூப்பில் பதினோரு பெயரைப் போட்டேன். முதல் பெயர் என்னுடையது. பாஜி பெயர் இல்லை.

அவருக்கு ஃபோன் பண்ணவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை, பயம். பதினைந்து வருஷம் எதிர் முனையில் நின்ற மனுஷனிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லை. பன்னிரண்டு இருபதுக்கு ரெண்டு நீல டிக். பதில் இல்லை.

காலையில் கிரவுண்டுக்கு வந்திருந்தார். எங்களுக்கு முன்னாலேயே. டிபன் டப்பாவோடு. அன்றைக்கு ஒரு அம்பயர் வரவில்லை, இவரே வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாவது ஓவரில் தம்பி கவரில் தட்டிவிட்டு ரெண்டாவது ரன்னுக்கு "யெஸ் பையா" என்றான். நானும் "யெஸ்" சொன்னேன். பாதி தூரம் வந்த பிறகு என் கால் வரவில்லை. "நோ" என்றேன். அவன் அதற்குள் என் பக்கம் வந்துவிட்டான், திரும்ப வழியில்லை. அவன்தான் அவுட். விரலைத் தூக்கியவர் பாஜி. தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தால் கூடப் பரவாயில்லை. ஓட முடியாதவர் என்று நான் உட்கார வைத்த மனுஷர் அவர்.

நான் 31 பந்தில் 14. தோற்றோம்.

அடுத்த மேட்ச்சுக்கு என் பெயரை எடுத்துவிட்டேன். பாஜியைத் திரும்பக் கூப்பிட்டேன். "வேண்டாம் சீக்கா, முட்டிக்கு டாக்டர் தேதி கொடுத்துட்டார்" என்றார். அது உண்மையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவர் ஆடவில்லை. நானும் எப்போதாவது ஆள் குறைந்தால் எட்டாவதாகத்தான் இறங்குகிறேன். அதனால்தான் தங்கமணிக்கு அந்தக் கேள்வி.

பெரிய டீமிலும் நிலைமை ஒன்றும் ஒழுங்கில்லை. சேவாக்கும் கம்பீரும் கடைசி ஒருநாள் மேட்ச் ஆடியது 2013 ஜனவரியில். கடைசி என்று அப்போது யாருக்கும் தெரியாது. தவானுக்கு அந்த சட்டோகிராம் 3 ரன்தான் கடைசி. 2024 ஆகஸ்டில் அவரே ஓய்வை அறிவித்தார். பத்து வருஷம் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர்களை வழியனுப்ப மட்டும் ஆள் இருப்பதில்லை.

நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. 2023 உலகக் கோப்பைக்கு ஆஸ்திரேலியா டிராவிஸ் ஹெட்டைக் கை உடைந்த நிலையிலேயே டீமில் வைத்துக்கொண்டது. முதல் ஐந்து மேட்ச் ஆடவில்லை. ஒரு இடம் வீண் என்று பேச்சு வந்தது. வந்த முதல் மேட்ச்சில் தரம்சாலாவில் 109. நவம்பர் 19, அகமதாபாத் ஃபைனலில் 137. அந்த ராத்திரியைப் பற்றி மேலே எழுத மனசு வரவில்லை, உங்களுக்கும் படிக்க மனசு வராது. ஆனால் "நீ வேண்டும், காத்திருக்கிறோம்" என்று ஒரு ஓப்பனரிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை நம்ம செலவில் பார்த்தாச்சு.

*

சனிக்கிழமை தம்பிக்கு ஃபோன் பண்ணினேன். நடந்தது முழுக்கச் சொன்னேன். அவனுக்கு அந்த ரன் அவுட் ஞாபகம் இருந்தது, அந்த வாட்ஸப் தெரியாது. "யாரை வேணா எடு. பழையவனோட ரெண்டு வருஷக் கணக்கைப் பாரு, ஒரு 74-ஐ மட்டும் பார்க்காதே. புதுப் பையனை மூணாவதா போட முடியுமான்னு பாரு. ஆனா நல்லா ஓப்பன் பண்றவனை இடம் மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசி" என்றேன். 2007 உலகக் கோப்பையில் சச்சினை நாலாவதாக இறக்கிப் பங்களாதேஷிடம் 191-க்கு அவுட்டாகித் தோற்ற கதையையும் சொன்னேன். "யாரை உட்கார வைக்கிறியோ, லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி நேர்ல போய்ச் சொல்லிடு. அவ்வளவுதான்."

ராத்திரி மெசேஜ் வந்தது. புதுப் பையனின் பி.ஜி.க்கு நேரில் போயிருக்கிறான். அந்தப் பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, மேகி போட்டுக் கொடுத்தானாம்.

இன்றைக்குப் பனி விலகியதும் நானும் கிளம்பினேன், பாஜி வீட்டுக்கு. ரெண்டு முட்டியும் மாற்றியாச்சு, ஆள் பாலகனியில் வெயிலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், இதை மட்டும் பேசியதில்லை. இன்றைக்குச் சொன்னேன். என் பெயரைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும் என்றும், அது அன்று ராத்திரியே எனக்குத் தெரியும் என்றும்.

கடலைத் தோலை ஊதிவிட்டு பாஜி சொன்னார். "நம்ம ஜோடியில் ஒரே ஒரு ரன் அவுட்தான் சீக்கா. அதுவும் வாட்ஸப்ல."

அப்புறம், "இன்னிக்கு யாரு ஓப்பன் பண்றாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "வண்டியை எடு, பாதி மேட்ச்சாவது பார்க்கலாம்" என்றார்.

பி.கு: போய்ப் பார்த்தோம். பழையவன் 9, அவுட். மூணாவதாக வந்த புதுப் பையன் 40 நாட் அவுட். செலக்‌ஷன் பற்றி யாராவது தியரி சொன்னால் நம்பாதீர்கள், நான் சொன்னால் கூட :-)